மாத்திரையை நிறுத்தினால் உடம்பு சுத்தமாகுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் 51 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பிறந்தது திருச்சிப் பக்கம். கல்யாணமாகி டர்பனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. எட்டு வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக ரத்த அழுத்தம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், மூன்றையும் கிளினிக்கில் வாங்கிச் சாப்பிட்டு வந்தார். முழங்கால் வலி கூடினால் ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்வார்.

புரட்டாசி விரதம் முடிந்த கையோடு, கோயிலில் பழக்கமான ஒருவர் 21 நாள் ‘டீடாக்ஸ்’ பாக்கெட் ஒன்றை அவருக்கு விற்றிருக்கிறார். இரவில் ஒரு மூலிகை டீ, காலையில் பச்சைக் கீரைச் சாறு, பாகற்காய்ச் சாறு, நாளுக்கு இரண்டு மஞ்சள்-மிளகு கேப்ஸ்யூல், சனிக்கிழமை விளக்கெண்ணெய். மதியம் வரை வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. “உடம்பில் தேங்குகிற முதல் நஞ்சே அந்த மாத்திரைகள்தான், அதை நிறுத்துங்கள்” என்றும் சொல்லியிருக்கிறார். வாசகி மெட்ஃபார்மினையும் எனலாப்ரிலையும் நிறுத்திவிட்டார். கிளிமிபிரைடை மட்டும் பயந்துபோய்த் தொடர்ந்திருக்கிறார்.

பத்து நாளில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. தினமும் ஐந்தாறு முறை பேதி. படுக்கையை விட்டு எழுந்தால் தலைசுற்றல். இரண்டு முறை காலை பதினொரு மணி வாக்கில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பார்வை மங்கியிருக்கிறது. கேட்டதற்கு, நஞ்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் என்று பதில் வந்திருக்கிறது. இதைத் தொடரலாமா, மலச்சிக்கலால் அவதிப்படும் 78 வயது மாமியாருக்கும் கொடுக்கலாமா, வார இறுதியில் பிராந்தி குடிக்கும் கணவரின் ஈரலை இது சுத்தம் செய்யுமா, இது வேண்டாம் என்றால் உடம்பு தானாகச் சுத்தமாக வீட்டில் தினமும் என்ன செய்யலாம் என்று கேட்கிறார். இரண்டாவது பாக்கெட்டும் போன வாரம் வந்துவிட்டது, பணம் கொடுத்தாயிற்று.

அம்மா, தொடர வேண்டாம். டீ, சாறுகள், கேப்ஸ்யூல், விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். மற்றதைப் படிப்பதற்கு முன் இதை மட்டும் முதலில் செய்துவிடுங்கள்.

நாளைக் காலையே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த தேதி எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாத்திரை அட்டைகளையும் அந்த டீடாக்ஸ் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப்போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம், சோடியம், சர்க்கரை பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தியது தவறுதான். ஆனால் இவ்வளவு பேதிக்குப் பிறகு எல்லாவற்றையும் நீங்களாகவே மறுபடி தொடங்குவதும் சரியல்ல. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது எனலாப்ரில் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தலாம். அந்த நிலையில் மெட்ஃபார்மினும் பாதுகாப்பானது அல்ல. எதை எப்போது தொடங்குவது என்பதைப் பரிசோதனை பார்த்து அங்கே முடிவு செய்வார்கள். ஐபுப்ரோஃபெனைத் தொடவே வேண்டாம். பேதி, எனலாப்ரில், ஐபுப்ரோஃபென் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நன்றாக இருக்கும் சிறுநீரகம்கூடச் சில நாளில் முடங்கிப்போகலாம். அதுவரை வலிக்கு அளவோடு பாரசிட்டமால் போதும்.

சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். ஆர்.கே.கான் மருத்துவமனை உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அந்தப் பதினொரு மணி நடுக்கம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி இதுதான். வியர்வை, நடுக்கம், பார்வை மங்கல் மூன்றும் சேர்ந்து வந்தால், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் முதலில் நினைக்க வேண்டியது தாழ்சர்க்கரை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. அதைப் போட்டுக்கொண்டு மதியம் வரை வயிற்றைக் காயப்போட்டு, மேலே பாகற்காய்ச் சாறும் குடித்திருக்கிறீர்கள். பாகற்காய்க்கும் சர்க்கரையைச் சற்று இறக்கும் குணம் உண்டு. குழம்பிலோ பொரியலிலோ சாப்பிட்டால் பயமில்லை. வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு.

இன்னொரு முறை அப்படி வந்தால் உட்கார்ந்துகொண்டு, மீட்டர் இருந்தால் விரலில் குத்திப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே காட்டினால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் பார்க்காமலே குடித்துவிடலாம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு டம்ளர். சரியானதும் இரண்டு துண்டு ரொட்டியாவது சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். வீட்டில் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக்கில் பார்க்கும்வரை, சாப்பாடு இல்லாத வேளையில் கிளிமிபிரைடு போட வேண்டாம்.

மூன்று கிலோ குறைந்தது பற்றி உங்களுக்குச் சந்தோஷம் என்று தெரிகிறது. அதில் பெரும்பகுதி நீரும் உப்பும்தான். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும், திரும்பத்தான் வேண்டும்.

அழுக்கு எங்கே தேங்குகிறது?

குடலின் உள்சுவரில் வருடக்கணக்காக அழுக்கு ஒட்டியிருக்கிறது, பேதி போனால் அது கரைந்து வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். குடல் அப்படிப்பட்ட இடமே இல்லை. அதன் உள்சுவர்ச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை தாமாகவே உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. எதுவும் அங்கே வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. குடலை நேரடியாகப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் அப்படி ஒரு படலத்தைக் காண்பதில்லை. பேதியில் கடைசியாக வரும் சளி போன்ற பொருள் குடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரப்பது.

உண்மையான சுத்திகரிப்பு வேலை ஈரலிலும் சிறுநீரகத்திலும் நடக்கிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை, குடிக்கும் மது, உடம்பே உண்டாக்கும் அம்மோனியா எல்லாம் ஈரலுக்கு வருகின்றன. ஈரல் அவற்றை நீரில் கரையக்கூடிய வடிவத்துக்கு மாற்றிப் பித்தநீர் வழியாக மலத்துக்கோ, ரத்தம் வழியாகச் சிறுநீரகத்துக்கோ அனுப்புகிறது. சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் கிட்டத்தட்ட முழுவதையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்று இரண்டு லிட்டரை மட்டும் கழிவோடு சிறுநீராக வெளியே தள்ளுகின்றன. கரியமில வாயுவை நுரையீரல் பார்த்துக்கொள்கிறது. வியர்வையின் முக்கிய வேலை உடம்பைக் குளிரவைப்பது. அதன் வழியாக வெளியேறும் கழிவு மிகச் சொற்பம்.

உங்கள் மாத்திரைகளும் இதே வழியில்தான் வெளியேறுகின்றன. மெட்ஃபார்மினை ஈரல் மாற்றுவதுகூட இல்லை. அது அப்படியே சிறுநீரில் போய்விடும். நாளுக்கு இரண்டு வேளை போடச் சொல்வதே அது உடம்பில் தங்காமல் போய்விடுவதால்தான். மாத்திரை தேங்கி நஞ்சாகிறது என்று உங்களிடம் சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

உலகம் முழுக்கச் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முதல் இரண்டு காரணங்கள் கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத ரத்த அழுத்தமும். சர்க்கரையோடு சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதற்காகவே எனலாப்ரில் கொடுக்கப்படுகிறது. உடம்பைச் சுத்தம் செய்யும் உறுப்புக்குக் காவலாக நின்ற மருந்தை நிறுத்திவிட்டு, சுத்தம் செய்வதாகச் சொல்லி அந்த உறுப்பையே வதைத்திருக்கிறீர்கள். கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் டயாலிசிஸ் இடங்கள் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும். அந்த வரிசைக்கு நீங்கள் ஒருநாளும் போகக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

பாக்கெட்டில் என்ன இருக்கும்?

லேபிள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் குடித்தால் காலையில் பேதியாகும் ‘மெலியும் டீ’க்களில் பெரும்பாலும் இருப்பது நிலாவாரை இலை. ஓரிரு நாள் மலச்சிக்கலுக்கு அது நல்ல மருந்துதான். வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கித் தசை தளரும், நெஞ்சு படபடக்கும்.

இங்கே கடைகளில் ‘ஸ்பினாச்’ என்று கிடைப்பது பெரும்பாலும் சுவிஸ் சார்ட் என்ற கீரை. அதில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கணிசமாகக் குறையும். பச்சையாக ஒரு பெரிய கட்டுக் கீரையையே அரைத்துத் தினமும் குடித்தால் சிறுநீரகத்தில் படிகமாகச் சேரக்கூடும். அப்படிச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மஞ்சளும் அதே மாதிரிதான். குழம்பில் போடும் அரை ஸ்பூன் மஞ்சளால் கெடுதல் இல்லை. மிளகுச் சத்து சேர்த்த கேப்ஸ்யூல் வழியாகப் பல மடங்கு உறிஞ்சப்படும்போது சிலருக்கு ஈரல் வீங்கி மஞ்சள் காமாலையே வந்திருக்கிறது. மூலிகை என்பதாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானது ஆகிவிடாது. கிளினிக்கில் ஈரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

தினமும் செய்யக்கூடியவை

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. இதில் புதுமையாக ஒன்றும் கிடையாது, விலை கொடுத்து வாங்குவதற்கும் ஏதுமில்லை.

தண்ணீர்: நாளுக்கு நான்கு லிட்டர் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விடுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போகும். தாகத்துக்குக் குடியுங்கள், சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருக்கும் அளவுக்குப் போதும். டர்பனில் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் தானாகவே கூடுதலாகத் தேவைப்படும். எலுமிச்சை பிழிந்துகொள்வது ருசிக்கு. ஈரலுக்கு அதனால் தனியாக ஒன்றும் கிடைக்காது. ரூய்போஸ் என்ற இந்த ஊர் மூலிகைத் தேநீர் குடிக்கலாம், சர்க்கரை இல்லாத காபி ஒன்றிரண்டு கப் குடிக்கலாம். காபி குடிப்பவர்களுக்கு ஈரல் நோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. குறைக்க வேண்டியது கூல்ட்ரிங்க். இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் 2018 ஏப்ரலில் தனி வரியே போட்டது; ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு லிட்டர் பாட்டில் மட்டும் இன்னும் அசையாமல் நிற்கிறது. டீயில் ஊற்றும் கண்டென்ஸ்டு மில்க்கும் அதே கணக்கில் சேரும்.

நார்ச்சத்து: இந்த ஊர்ச் சமையலில் இதற்குப் பஞ்சமே இல்லை. சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, கீரை, வெண்டைக்காய், பழுப்பு ரொட்டி. நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். சுகர் பீன்ஸ் வேகவைத்தது ஒரு கப் சாப்பிட்டாலே அதில் ஏறக்குறைய பாதி வந்துவிடும். ஈரல் பித்தநீரில் கொட்டும் கழிவையும் கொழுப்பையும் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே கொண்டுபோவது இந்த நார்தான். சாறு பிழிந்து வடிகட்டும்போது நீங்கள் தூக்கியெறிவதும் அதையேதான். கீரையைச் சாறாக்காமல் பூண்டு, வெங்காயம் போட்டு வதக்கிச் சோற்றோடு சாப்பிடுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள்.

புரட்டாசி பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதம் மாமிசம் இல்லாமல் இருப்பது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் அந்த மாதத்தில் ஆட்டுக்கறிக்குப் பதிலாகப் பூரியும் பத்தாவும் (இலையில் மாவு தடவிச் சுருட்டிப் பொரிப்பது) வடையும் உருளைக்கிழங்கும் தட்டில் நிறைந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ஆடியில் அம்மனுக்குப் படைக்கும் புளித்த கூழை அளவோடு குடிக்கலாம், சர்க்கரை கொட்டாமல். ஒருவேளை விரதம் இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். விரதத்தோடு சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்ள முடியும். திட்டம் போட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உப்பு: நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அச்சாறு, சூப் பவுடர், ரொட்டி எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்துத்தான் இந்த அளவு.

நடை: சாப்பிட்ட பின் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சர்க்கரை குறைவாக ஏறும். சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். முழங்கால் வலியோடு ஏற்றம் ஏற வேண்டாம். இருட்டிய பிறகு வெளியே போகத் தயக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அது நியாயம்தான். வீட்டு முற்றத்திலோ கோயில் வளாகத்திலோ சமதளத்தில் நடந்தால் போதும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம் வந்தால் நல்லது. உங்களுக்கு ஈரலில் கொழுப்பு இருந்தால், அதற்கு மருந்தைவிட எடை குறைவதுதான் முக்கியம். 80 கிலோ உள்ளவர் ஆறேழு கிலோ மெதுவாகக் குறைத்தாலே ஈரல் கொழுப்பு நன்றாக இறங்கும். பேதியில் குறையும் எடை இதில் சேராது. தூக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், ஏழு மணி நேரமாவது வேண்டும்.

மாமியாரும் கணவரும்

உங்கள் மாமியாருக்கு அந்த டீயைக் கொடுக்காதீர்கள். சனிக்கிழமை விளக்கெண்ணெய் என்பது அவர்கள் வளர்ந்த காலத்து வழக்கம். கரும்புத் தோட்ட லைன் வீடுகளில் குழந்தைகள் வயிற்றில் பூச்சி சகஜமாக இருந்த காலம் அது. வீட்டில் கையில் இருந்த மருந்தும் அது ஒன்றுதான். இன்று பூச்சிக்கு ஒரே வேளை மாத்திரை போதும். 78 வயதில் பேதியானால் நீர் வற்றி, இரவில் கழிவறைக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பு உடையும். அந்த ஆபத்தை நினைத்துப் பாருங்கள்.

மலச்சிக்கலுக்குக் காரணம் தேடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை, கோடீன் சேர்ந்த வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா? இரண்டுமே மலத்தைக் கட்டும். காலைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் கழிவறையில் அவசரமில்லாமல் உட்காரட்டும். காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி வைத்து முழங்காலை உயர்த்திக்கொண்டால் சுலபமாக வரும். இரவில் ஊறவைத்த நாலைந்து உலர்ந்த பிளம்ஸ் கொடுத்துப் பாருங்கள். மலச்சிக்கல் புதிதாக வந்தது என்றால், அல்லது ரத்தமோ எடைக் குறைவோ இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது.

உங்கள் கணவர் சனி, ஞாயிறு குடித்துவிட்டுத் திங்கட்கிழமை எலுமிச்சைத் தண்ணீரில் ஈரலைக் கழுவிவிடலாம் என்று நினைக்கிறார். ஈரல் மதுவைத் தன் வேகத்தில்தான் உடைக்கும். எந்தச் சாறும் எந்தப் பொடியும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஒரே இரவில் அரை பாட்டில் என்பது வாரத்துக்கு ஒருமுறை என்றாலும் ஈரலுக்கு அடிதான். அடுத்த நாள் தலைவலிக்கு டக்‌ஷாப்பில் (தெருமுனைப் பெட்டிக்கடையில்) வாங்கும் பவுடர்களில் ஆஸ்பிரினும் பாரசிட்டமாலும் சேர்ந்திருப்பதுண்டு. முதலாவது வயிற்றைப் புண்ணாக்கும், மற்றது அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். அவருக்கும் ஒரு ஈரல் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் சண்டையாகாமல் பேச முடியும். ஒன்று மட்டும் கவனம்: தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்லக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

கொடுத்த பணம்

கோயிலில் முகம் பார்க்க வேண்டியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கச் சங்கடம் என்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பவர் நேரிலோ போனிலோ தானாக வந்து அணுகி விற்ற பொருளை, கையில் கிடைத்த 5 வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கவில்லை அல்லவா, வந்த தேதியைப் பார்த்துவிட்டு இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நாள் தாண்டியிருந்தாலும் தேசிய நுகர்வோர் ஆணையத்தில் கேட்டுப் பார்க்கலாம். மருந்தாகச் சொல்லி விற்கும் எதற்கும் உள்ளடக்கம் லேபிளில் இருந்தாக வேண்டும். லேபிளே இல்லாமல் இதை விற்கிறார்கள் என்று மருந்து ஒழுங்குமுறை அமைப்பான சாப்ராவுக்கும் (SAHPRA) தெரிவிக்கலாம். அதே கோயிலில் இன்னும் யார் யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களோ தெரியாது, அவர்களுக்கும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிரிக்காத பாக்கெட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள். பிரித்ததில் மிச்சம் இருக்கும் டீயையும் கேப்ஸ்யூலையும் கொட்டிவிடாமல் ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஏதாவது தவறாக வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.